பையை அடுக்கியவர் அம்மா. முடிவு மட்டும் உங்களுடையதா?

கேள்வி: எனக்கு 46 வயது, அரசுப் பள்ளி ஆசிரியை. எதையும் உள்மனம் சொல்கிறபடிதான் செய்வேன். ஊரே சேர்ந்த ஏலச்சீட்டில் 'வேண்டாம்' என்றது, சேரவில்லை. ஆறே மாதத்தில் சீட்டு நடத்தியவர் ஓடிவிட்டார். என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 72 வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு மூன்று முறை தேதி வாங்கினேன். மூன்று முறையும் முந்தின நாள் மனம் 'போகாதே' என்று அடித்துக்கொண்டது, தள்ளிவைத்துவிட்டேன். அம்மா பாவம், சித்திரையில் அடுக்கிய ஆஸ்பத்திரிப் பையை இன்னும் பிரிக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி திட்டுகிறான். உள்மனத்தை மீறலாமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: கடிதம் முழுக்க உங்கள் உள்மனம் பேசுகிறது. அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 'பாவம்' என்ற சொல்லோடு அவருடைய பை மட்டும் வந்து போகிறது. அந்தப் பையை நான் விடப் போவதில்லை.

மாற்றுச் சேலை, துண்டு, தட்டு, டம்ளர், வெந்நீருக்கு ஃபிளாஸ்க். நம் வீட்டுப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு இவற்றைத்தான் எடுத்துவைப்பார்கள். மங்கிய கண்ணோடு தடவித் தடவி அடுக்கியிருக்கிறார். தேதி மூன்று முறை தள்ளிப்போன பிறகும் பிரிக்கவில்லை. இதைவிடத் தெளிவாக ஒரு தாய் எப்படிச் சொல்வார்? மகள் வீட்டில் இருப்பவர். வற்புறுத்தினால் பாரமாகிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் முகம் பார்த்தே மனதைப் படிக்கிற உங்களுக்கு இது புரியவில்லையா? தினமும் அந்தப் பையைத் தாண்டித்தானே போகிறீர்கள்!

சீட்டு விஷயத்தில் உங்கள் மனம் சொன்னது சரி. அந்த மனிதரை நெடுநாள் பார்த்திருப்பீர்கள். கைமாற்று வாங்கியதைத் திருப்ப இழுத்தடித்ததோ, ரசீது கேட்டபோது பேச்சை மாற்றியதோ எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். பார்த்துப் பழகியதெல்லாம் மனத்தில் தங்கி, வேளை வரும்போது எச்சரிக்கிறது. அதை நான் மதிக்கிறேன். கண் ஆபரேஷனில் உங்களுக்கு என்ன பழக்கம்? தேதி நெருங்கும்போது எழுந்து, தள்ளிவைத்ததும் அடங்கிவிடுகிறதே, அது பயம். பயப்படுவது குற்றமில்லை. அதற்கு உள்மனம் என்று பெயர் வைத்து அம்மாவை இருட்டில் உட்கார வைத்திருப்பதுதான் குற்றம்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். பலர் அன்றே வீடு திரும்புகிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் மதுரையில், 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்து முகாமிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்வையோடு திரும்பிய பெரியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், விசாரியுங்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அபூர்வமாகக் கிருமித் தொற்று வருவதுண்டு. ஆனால் புரை முற்றினால் லென்ஸ் கெட்டிப்பட்டு ஆபரேஷன் கடினமாகும். சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுவிடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது அம்மா தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வீர்கள்?

உங்கள் வேலை, உங்கள் பணம், நீங்கள் ஏறும் பஸ், இவற்றுக்கெல்லாம் உள்மனத்தைக் கேளுங்கள். அம்மாவின் கண் அம்மாவுடையது. நல்ல நினைவோடு இருக்கும் தாயைக் கேட்காமல் அவர் உடம்பைப் பற்றி முடிவெடுக்கப் பிள்ளைகளுக்கு உரிமை கிடையாது. சோறு போடுவதால் அந்த உரிமை வந்துவிடாது.

இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னம்மா தோன்றுகிறது?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை குறுக்கே பேசாதீர்கள். உங்கள் பயத்தை டாக்டரிடம் கொண்டுபோங்கள்: எந்தக் கண் முதலில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், கண்ணில் தண்ணீர் படக் கூடாது. நீங்கள் பள்ளிக்குப் போனபின் யார் பார்ப்பது? போனில் திட்டுகிற தம்பி முதல் வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நிற்கட்டும். அடுத்த தேதி வாங்குவதற்கு முன் அவரிடம் அதைப் பேசி முடித்துவிடுங்கள்.