உடையும் கொடையும் – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை பிரபலங்களின் உடையைப் பற்றியும், நம் நகரில் நிதி சேர்ப்பதற்காக நடத்தப்படும் பஷன் ஷோக்களைப் பற்றியும் கேட்டிருந்தன. ஆகையால் கறை நீக்குவது, துணி வெட்டுவது போன்ற வழக்கமான கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

வாசகி, சுன்னாகம்: மே மாதம் வந்தால் நியூயோர்க்கில் நடக்கும் ‘மெற் காலா’ படங்களை என் பேத்தி கைத்தொலைபேசியில் காட்டிக்கொண்டே இருக்கிறாள். இதுவும் தர்மத்துக்காக நடப்பதுதான் என்கிறாள். முப்பது முழத் துணியை இழுத்துக்கொண்டு படியேறுவதில் என்ன தர்மம் இருக்கிறது, அம்மா?

பேத்தி சொல்வது பொய்யன்று. ஆனால் அன்னதானத்துக்கும் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவுக்கும் நாம் சொல்லுகிற ‘தர்மம்’ என்ற சொல்லை அப்படியே அங்கே கொண்டுபோய்ப் பொருத்தினால் ஏமாந்துபோவோம். நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் பழைய ஆடைகளைப் பாதுகாத்துக் காட்சிப்படுத்தும் ஒரு பிரிவு இருக்கிறது. தன் செலவுக்கான பணத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டிய நிலையில் உள்ள அந்தப் பிரிவுக்காக, 1948ஆம் ஆண்டில் எலினோர் லாம்பேர்ட் என்ற விளம்பரத்துறைப் பெண்மணி தொடங்கிவைத்த இரவு விருந்துதான் இது. அன்று நுழைவுச்சீட்டின் விலை 50 டொலர். 2025ஆம் ஆண்டில் ஒரு சீட்டு 75,000 டொலர். அந்த ஓர் இரவில் சேர்ந்த தொகை 3 கோடி 10 இலட்சம் டொலர். பணம் போவது கண்காட்சிக்கும் பழந்துணிகளின் பராமரிப்புக்கும்தான், பசித்தவருக்கு அன்று. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அம்மம்மாவின் பட்டுச்சேலையை அலுமாரியிலிருந்து எடுத்து விரித்தபோது, மடிப்பு மடிப்பாக அது கிழிந்து கையோடு வந்ததைக் கண்டவர்களுக்குத் துணியைக் காப்பாற்றுவதும் செலவுள்ள வேலை என்பது தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. படியேறுகிற நட்சத்திரங்களில் பலர் தம் பணத்தில் சீட்டு வாங்கி வருவதில்லை. பெரிய ஆடை நிறுவனங்கள் மேசைகளை வாங்கி, தாம் தைத்த உடையை அணிவித்து அவர்களை அழைத்துவருகின்றன. ஆகவே நாம் பார்ப்பது பாதி நன்கொடை, பாதி விளம்பரம். 2025இல் ஷாருக் கான் முதன்முறையாக அங்கே போனார். சபியசாச்சி முகர்ஜி வடிவமைத்த கறுப்பு உடையில், கழுத்தில் ஆங்கில ‘கே’ எழுத்துப் பதக்கத்தோடு நின்றார். அந்தப் பதக்கம் பேத்திக்கு ஞாபகமிருக்கும். அவ்வாண்டுக் கண்காட்சி, கறுப்பின ஆண்கள் கோட்டுத் தையலைத் தமது கௌரவத்தின் மொழியாக மாற்றிக்கொண்ட வரலாற்றைப் பற்றியது என்பதும் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வாசகர், நல்லூர்: பஷன் என்றால் எப்போதும் பெண்களுக்குத்தானா? எங்களுக்கென்று யாரும் எழுதுவதில்லையே.

ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே விடுகிற, பலர் வேட்டியும் சால்வையுமாகப் போகிற கந்தசுவாமி கோவிலின் வீதியில் குடியிருந்துகொண்டா இந்தக் கேள்வி? வேட்டியின் கரை நேராக விழுகிறதா, சால்வை மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குங்கள். அதன் பிறகு கோட்டைப் பற்றிப் பேசலாம்.

மாதர் சங்கப் பொருளாளர், கொக்குவில்: க.பொ.த. உயர்தரம் படிக்கும் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவ ஒரு பஷன் ஷோ நடத்த விரும்புகிறோம். இரண்டு புடவைக் கடைகள் சாறிகளை இரவலாகத் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. ஆனால் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள், “இது யாழ்ப்பாணத்துக்கு ஒவ்வாத வேலை” என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் மூத்தவர்களுக்கு. உடையை முன்வைத்து யாழ்ப்பாணத்தில் நிதி சேர்ப்பது புதிதன்று. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மகாத்மா காந்தி இலங்கைக்கு வந்தது கதர் நிதி திரட்டுவதற்காகவே. அப்பயணத்தின் இறுதியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி மாணவிகள் முன்னிலையிலும் பேசினார். 1921 செப்ரெம்பர் 22ஆம் திகதி மதுரையில் மேற்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறிய அந்த மனிதரின் உடையைப் போல உலகெங்கும் பேசப்பட்ட உடை அக்காலத்தில் வேறொன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம். தமக்கு அளிக்கப்படும் வாழ்த்துப்பத்திரப் பேழைகளையும் நகைகளையும் கூட்டத்திலேயே ஏலம் விட்டுப் பணமாக்குவதும் அவருடைய வழக்கம். மேடை, உடை, ஏலம், நிதி ஆகிய நான்கும் ஒன்றாக நம்மூருக்கு வந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகின்றன என்று உங்கள் மூத்தவர்களுக்குச் சொல்லுங்கள். வித்தியாசம் ஒன்றுண்டு: அன்று காசு போட்டவர், அது இராட்டைக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போட்டார். உங்கள் அழைப்பிதழிலும் அந்தத் தெளிவு இருக்க வேண்டும். ‘நற்பணிக்காக’ என்று மட்டும் அச்சிடாதீர்கள். எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தச் செலவுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதுங்கள்.

அடுத்தது கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, 2,000 ரூபாய்ச் சீட்டில் மண்டபம், ஒலி ஒளி, ஒப்பனை, சிற்றுண்டி எல்லாம் சேர்ந்து 1,600 ரூபாவை விழுங்கிவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது 400 ரூபாதான். அப்படியானால் உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்தே 500 ரூபா போட்டுவிட்டு அன்று மாலை ஆறுதலாகத் தேநீர் குடித்திருக்கலாம். எனவே மண்டபச் செலவுக்கு ஓர் அனுசரணையாளரைப் பிடித்து, சீட்டுப் பணத்தைத் தொடாமல் வைக்க முடியுமா என்பதைத் திகதி குறிப்பதற்கு முன்பே பாருங்கள். பணம் வாங்கிச் சீட்டு விற்கும் நிகழ்ச்சிக்கு உள்ளூராட்சி சபை களியாட்ட வரி அறவிடும் வழக்கம் உண்டு. ஆகவே சீட்டை அச்சடிக்க முன்னர் சபை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பிறரிடமிருந்து தொடர்ந்து நிதி வாங்கும் எண்ணம் இருந்தால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்வது பற்றியும் பிரதேச செயலகத்தில் கேட்டறிவது நல்லது. நிகழ்ச்சி முடிந்து இரண்டு கிழமைக்குள் வரவையும் செலவையும் மீதியையும் ஒரே தாளில் எழுதிச் சீட்டு வாங்கியவர்களின் கண்ணில் படும்படி வைத்துவிட்டால், அடுத்த வருடம் சீட்டு விற்க வீடு வீடாக ஏற வேண்டியிராது.

இரவல் சாறி பற்றி எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு நிதிக் காட்சிக்கு என் தாயாரின் காஞ்சிபுரத்தை இரவல் கொடுத்தேன். திரும்பி வந்தபோது தோளடியில் சேப்ரி பின் இழுத்த கிழிசலும், முந்தானையில் உதட்டுச்சாயமும் இருந்தன. யாரிடம் கேட்பது என்பதும் தெரியவில்லை. ஆதலால் ஒவ்வொரு சாறிக்கும் ஒரு துண்டு எழுதுங்கள்: எந்தக் கடை, என்ன விலை, கொடுக்கும்போது எந்த நிலையில் இருந்தது, எவரிடம் கொடுக்கப்பட்டது. பின் குத்தும் இடத்தில் உட்புறமாக ஒரு சிறு துணித் துண்டை வைத்துக் குத்தினால் பட்டு இழுபடாது. வாசனைத் திரவியம் சாறி உடுத்த பிறகு வேண்டாம். உடுப்பதற்கு முன்பே பூசிக் காயவிடட்டும். ஒப்பனை முடிந்த பின்பே சாறி. தங்க நகையை இரவல் வாங்கவே வேண்டாம். கஸ்தூரியார் வீதியில் எந்தக் கடைக்காரர் எவ்வளவு பெரிய மனத்தோடு தந்தாலும், ஒரு சிமிக்கி தொலைந்தால் அன்று சேர்ந்த நிதி முழுவதும் அதற்கே போய்விடும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதுவது: மேடையில் பேசப்படும் வர்ணனை. நம் நிகழ்ச்சிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் உடையால் அன்று, ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரால்தான். “சிவந்த மேனிக்கு எடுப்பான நீலம்” என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில், அடுத்து வரக் காத்திருக்கும் கறுத்தப் பிள்ளையின் கால் தடுமாறுகிறது. உடலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். துணியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள், பேசுவதற்கு ஏராளமாக இருக்கிறது. இது மருதமுனைக் கைத்தறி, பாவு என்ற நெடுக்கு நூல் எந்த நிறம், ஊடை என்ற குறுக்கு நூல் எந்த நிறம், இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தில் எப்படி மாறுகின்றன. இந்தக் கொய்யகம், அதாவது முன்மடிப்பு, ஏன் இத்தனை ஒடுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டையின் கழுத்தை வெட்டிய தையற்காரர் இதோ முன்வரிசையில் இருக்கிறார் என்று சொல்லட்டும். பனையோலைத் தொப்பியும் கைப்பையும் மேடைக்கு வந்தால், ஓலையை வார்ந்து சாயமிட்டு இழைத்தவரையும் அழைத்து அமரவையுங்கள். மேடையில் நடப்பவர்களில் இருபது வயதினரோடு ஐம்பது வயதினரும் இருக்கட்டும். சாறியை வாங்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.

உதவி பெறும் பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் மேடைக்கு அழைக்காதீர்கள். பட்டு உடுத்தவர்கள் நடுவில் பாடசாலைச் சீருடையோடு நிறுத்தி உறையைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழர்களிடமும் போய்ச் சேரும் என்பதை எவரும் யோசிப்பதில்லை. திகதியைப் பொறுத்தவரை, நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளையும் விட்டுவிடுங்கள். மண்டபமும் கிடையாது, ஆளும் வராது.

வாசகர், பருத்தித்துறை: வெளிநாட்டு உறவினர் பெட்டி பெட்டியாகப் பழைய உடுப்புகளை அனுப்புகிறார்கள். இளவரசி டயானாவின் பழைய உடைகள் தர்மத்துக்காகக் கோடிக்கணக்கில் விலைபோனதாக வாசித்தேன். நாமும் இவற்றை ஏலம் விட்டால் என்ன?

டயானாவின் 79 உடைகள் 1997 ஜூன் 25ஆம் திகதி நியூயோர்க்கில் கிறிஸ்ரிஸ் நிறுவனத்தால் ஏலம் விடப்பட்டு, எயிட்ஸ் மற்றும் புற்றுநோய்த் தொண்டு நிறுவனங்களுக்காக 32 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது உண்மை. அந்த யோசனையைச் சொன்னவர் அவருடைய மகன் வில்லியம். 1985இல் வெள்ளை மாளிகை விருந்தில் நடிகர் ஜோன் ட்ரவோல்ராவோடு நடனமாடியபோது டயானா அணிந்திருந்த கருநீல வெல்வெற் உடை மட்டும் 222,500 டொலருக்குப் போயிற்று. ஆனால் ஏலத்தில் விலைபோனது வெல்வெற் அல்ல, அந்த இரவுதான். ரொறொன்ரோவிலிருந்து வரும் உங்கள் மைத்துனரின் குளிர்காலக் கோட்டுக்கு அப்படியொரு இரவு வாய்த்திருந்தால் தாராளமாக ஏலம் விடுங்கள். இல்லையெனில் பிரித்துத் தோய்த்து, தெறி போனவற்றுக்குத் தெறி தைத்து, அளவு வாரியாக அடுக்கி, சிறு விலை போட்டு விற்பதே மேல். சும்மா கொடுக்கும்போது கிழிந்ததையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நூறு ரூபா கொடுத்து வாங்குகிறவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கும்.

மாணவி, மானிப்பாய்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பாடகி மாயா அருள்பிரகாசத்தின் உடைகளைப் பற்றித் தங்கள் கருத்து என்ன? என் தாயார் அவற்றைக் ‘கோமாளி வேஷம்’ என்கிறார்.

தாயாரோடு சண்டை பிடிக்க வேண்டாம். அந்த உடைகளுட் சில எனக்கும் கண்ணைக் கூசச் செய்பவைதான். ஆனாலும் இரண்டு சந்தர்ப்பங்களை நான் மறக்கவில்லை. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாக, பிரசவத்துக்குக் குறித்த அதே நாளில், கறுப்புப் புள்ளிகள் இட்ட மெல்லிய உடையில் கிராமி இசை விருது மேடையில் ஏறினார். வயிற்றை மறைப்பதற்கே உடை என்று பழகிய கண்களுக்கு அது அதிர்ச்சிதான். வேலைக்குப் போகிற கர்ப்பிணிப் பெண்கள் எத்தனை பேரை நாம் தினமும் பஸ்ஸில் காண்கிறோம் என்று யோசித்தால் அதிர்ச்சி குறையும். இரண்டாவது, 2013இல் வெர்சாச்சே என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்துக்காக அவர் செய்த உடைத் தொகுப்பு. அந்நிறுவனத்தின் வடிவங்களைத் திருடிச் சந்தைகளில் விற்கப்பட்ட போலி உடைகளையே மாதிரியாக எடுத்து, அதே நிறுவனத்தின் பெயரில் அவற்றை வெளிவரச் செய்தார். பெயர்ச்சீட்டுக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு, துணிக்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்று கேட்கிற குறும்பு அதில் இருக்கிறது. யாழ்ப்பாணம் நவீன சந்தையில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லி நமக்கு விற்கப்பட்ட ரீசேட்டுகளை நினைத்துக்கொண்டு தாயாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

வாசகி, கோண்டாவில்: நடிகை ஆலியா பட், தேசிய விருது பெற வந்தபோது தமது கலியாணச் சேலையையே மீண்டும் உடுத்திருந்தார். நம் வழக்கப்படி கூறைச் சேலையை மறுபடியும் உடுக்கலாமா? நிதிக் காட்சி ஒன்றில் உடுக்கும்படி என்னைக் கேட்கிறார்கள்.

2023ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவர் உடுத்து வந்தது, முந்தின வருடக் கலியாணத்தில் உடுத்த அதே சந்தன வெள்ளைச் சேலைதான். ஒரு தடவை உடுத்ததை மறு தடவை உடுத்தால் படம் எடுப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுகிற தொழிலில் இருந்துகொண்டு அப்படிச் செய்தது துணிவுதான். நம்மிடையே கூறை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. தாலியோடு சேர்த்து எண்ணப்படுவது. சில குடும்பங்களில் அதைக் கோவிலுக்கும் பிள்ளைகளின் சடங்குக்கும் உடுக்கிறார்கள், சில குடும்பங்களில் பெட்டியை விட்டு எடுப்பதேயில்லை. உடுப்பதில் பிழையில்லை என்பது என் எண்ணம். ஆனால் மாமியார் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அனுமதிக்காக அல்லாவிட்டாலும் மரியாதைக்காக.

கேட்ட பிறகு, காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சேலையை வெளியே எடுத்து, நிழலில் ஒரு பகல் விரித்து வைத்து, மடிப்புக்கோடுகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். சரிகை கறுத்திருந்தால் நீங்களாகத் தேய்க்க வேண்டாம். மடிப்பு வெடிக்கத் தொடங்கியிருந்தால், உடுத்து நடக்காமல், பருத்தித் துணி விரித்த மேசையொன்றில் முந்தானை தெரியும்படி கிடத்திக் காட்டச் சொல்லுங்கள். திரும்ப வைக்கும்போது பழைய கோட்டில் மடிக்காதீர்கள். பூச்சி உருண்டையைச் சரிகையோடு சேர வைக்காதீர்கள்.