பாக்சர் படத்தைத் திருப்பினால் கையும் மாறும்

கேள்வி: ராயபுரத்தில் பசங்களுக்கு பாக்சிங் கற்றுத்தருகிறேன். பவர்பாயிண்ட்டில் பாடம் தயாரிக்கிறேன். என்னிடம் இருக்கும் படத்தில் வீரர் வலப்பக்கம் பார்க்கிறார்; எனக்கு இடப்பக்கம் பார்க்க வேண்டும். ரொட்டேட் செய்தால் தலைகீழாகிறது. அதே படத்தை வைத்து இருவர் எதிரெதிரே நிற்பதுபோலவும் காட்ட வேண்டும். டீ-சர்ட்டில் அயர்ன் செய்து ஒட்ட, கிளப் பெயர் கண்ணாடி எழுத்தாகவும் வேண்டும்.

பதில்: ரொட்டேட் படத்தைச் சுற்றும், இடம் வலம் மாற்றாது. அதற்கு ஃப்ளிப் ஹாரிஸாண்டல் வேண்டும். படத்தை கிளிக் செய்தால் மேலே பிக்சர் ஃபார்மட் வரும். அதில் ரொட்டேட் பட்டியலைத் திறந்தால் ஃப்ளிப் ஹாரிஸாண்டல் இருக்கும். விண்டோஸில் ஆல்ட், எச், ஜி, ஓ, எச் என ஒவ்வொன்றாகத் தட்டினாலும் போதும். கூகுள் ஸ்லைட்ஸில் அரேஞ்ச் மெனுவுக்குள் ரொட்டேட்டில் இதே கட்டளை உண்டு. படத்தின் பக்கவாட்டுப் புள்ளியைப் பிடித்து எதிர் ஓரத்தைத் தாண்டி இழுத்தாலும் திரும்பும். ஆனால் அகலம் கண்ணளவுதான் என்பதால் ஆள் ஒல்லியாகவோ குண்டாகவோ ஆகிவிடுவார். அந்த வழி வேண்டாம்.

உங்கள் பாடத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஆர்த்தடாக்ஸ் நிலையில் இடது காலும் இடது கையும் முன்னால் இருக்கும். ஜாப் (நேராக நீட்டிப் போடும் வேகமான குத்து) இடது கையால் போடுவது. படத்தைத் திருப்பிய மறுநொடியே அவர் சவுத்பா, அதாவது வலது காலும் வலது கையும் முன்னால் இருக்கும் வீரர், ஆகிவிடுகிறார். ‘இடது கை ஜாப்’ என்று பக்கத்தில் எழுதியிருக்க, படத்தில் வலது கை நீண்டிருந்தால் புதுப் பையன் படத்தைத்தான் நம்புவான். எனவே இந்த ஸ்லைடில் படத்தைத் தொடாதீர்கள். எழுத்துப் பெட்டியை மறுபக்கம் நகர்த்துங்கள். சவுத்பா பசங்களுக்கான ஸ்லைடில் தாராளமாகத் திருப்பலாம். அங்கே ஒரே படம் இரண்டு பாடத்துக்கும் உதவும். கீழே எந்த நிலை என்று மட்டும் எழுதிவிடுங்கள்.

எதிரெதிரே நிறுத்த, கண்ட்ரோல் டி அழுத்தி நகலெடுத்து, நகலை மட்டும் திருப்பி, இரண்டையும் தேர்ந்தெடுத்து அலைன் டாப் கொடுங்கள். ஆனால் அது ஆர்த்தடாக்ஸ், சவுத்பா மோதல் ஆகிவிடும். இரண்டு ஆர்த்தடாக்ஸ் வீரர்கள் மோதுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் பார்ப்பவரின் மார்பு நம் பக்கம் தெரியும். இடப்பக்கம் பார்ப்பவரின் முதுகு தெரியும். ஃப்ளிப் செய்த நகலிலோ இரண்டு மார்பும் நம்மைப் பார்க்கும். வடசென்னையில் பாக்சிங் பார்த்துப் பழகிய கண்கள் அதிகம், சட்டெனப் பிடித்துவிடுவார்கள். அதே ஆளை அதே நிலையில் நிறுத்தி, கேமராவை அவரது மறுபக்கம் கொண்டுபோய் இன்னொரு படம் எடுப்பதே சரி.

திருப்பிய படத்தில் பனியன் எழுத்தும் இடம் வலம் மாறி நிற்கும். அந்தப் படத்தை ஒரு நகலெடுத்து, மறுபடி ஃப்ளிப் செய்து, எழுத்து மட்டும் மிஞ்சும்படி கிராப் செய்து அதே இடத்தில் மேலே வையுங்கள். சாஃப்ட் எட்ஜஸ் 2.5 பாயிண்ட் கொடுத்தால் ஒட்டுத் தெரியாது. துணி சுருங்கியிருந்தால் இது பலிக்காது.

டீ-சர்ட்டுக்கு ஃப்ளிப் உதவாது. எழுத்துப் பெட்டியை ஃப்ளிப் ஹாரிஸாண்டல் செய்தாலும் எழுத்து நேராகவே நிற்கும். பெட்டியில் வலது கிளிக் செய்து ஃபார்மட் ஷேப், எஃபெக்ட்ஸ், த்ரீ-டி ரொட்டேஷன் போய் எக்ஸ் ரொட்டேஷனை 180 ஆக்குங்கள். வெளிர் நிறத் துணிக்கான டிரான்ஸ்ஃபர் காகிதத்துக்குத்தான் கண்ணாடி எழுத்து தேவை. அடர் நிறத் துணிக்கான காகிதத்தில் பெரும்பாலும் நேராகவே அச்சிட வேண்டும். பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் அமைப்பிலும் மிர்ரர் டிக் ஆகியிருந்தால் இரண்டு திருப்பமும் சேர்ந்து எழுத்து நேராக வந்து, விலையுள்ள காகிதம் வீணாகும். முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடியுங்கள். பெயர் சரியாகப் படிக்க வந்தால் நல்ல காகிதத்தை வையுங்கள்.