புகையும் புழுக்கமும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் டெல்லியின் நவம்பர் புகையைப் பற்றி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெல்லியைப் பற்றியே இல்லை. அடுப்பு, உப்பளம், மொட்டை மாடி, கொசுவர்த்தி என்று எல்லாம் நம் வீட்டுச் சங்கதி. இடம் கொஞ்சம்தான், அதனால் சிலவற்றுக்கு மட்டும் பதில். பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

என் போனில் ஒரு ஆப், இன்று காற்று 97, 'திருப்திகரம்' என்கிறது. மகன் போனில் வேறொரு ஆப் 153 என்று சிவப்பில் காட்டுகிறது. ஒரே நேரம், ஒரே வீடு. யார் பொய் சொல்வது? (வேளச்சேரி)

யாரும் பொய் சொல்லவில்லை. விடைத்தாள் ஒன்று, திருத்தும் வாத்தியார்கள் இரண்டு பேர். பி.எம். 2.5 என்கிற நுண்துகள், அதாவது தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூசு, ஒரு கன மீட்டர் காற்றில் 58 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். நம் நாட்டு அட்டவணையில் அதற்கு 97 மார்க் வரும். அமெரிக்க அட்டவணையில் அதே 58க்கு 150ஐத் தாண்டிவிடும். உங்கள் மகன் வைத்திருப்பது அமெரிக்கக் கணக்குப் போடும் ஆப்பாக இருக்கும்.

எது சரி என்று கேட்டால், உடம்புக்கு இந்திய நுரையீரல், அமெரிக்க நுரையீரல் என்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாள் சராசரி 15ஐத் தாண்டக் கூடாது என்றது, நம் அரசின் வரம்பு 60. ஆண்டுச் சராசரிக்கு அவர்கள் சொல்வது 5, நம்முடையது 40. வரம்புக்குள் இருக்கிறது என்றால் தீங்கு இல்லை என்று பொருள் இல்லை. ஆப்பில் மார்க்கைப் பார்க்காமல் மைக்ரோகிராம் எண்ணைத் தேடிப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, அந்தக் கருவி எங்கோ ஒரு கட்டடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது ஊரின் கணக்கு. உங்கள் மூக்கின் கணக்கு வேறு. அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

என் நாத்தனார் கர்ப்பமாக இருந்தபோது சென்னையிலிருந்து ஆராய்ச்சி என்று வந்தவர்கள் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு கருவியை மேலே மாட்டியிருக்கச் சொன்னார்கள். பையனுக்கு இப்போது ஆறு வயது. அந்த ஆராய்ச்சி என்ன ஆனது? யாரும் வந்து சொல்லவில்லை. (திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 'ஹாப்பின்' ஆய்வாகத்தான் இருக்க வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு நடத்தியது. இதே நேரத்தில் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் நடந்தது. நான்கு நாட்டிலும் சேர்த்து விறகிலோ வறட்டியிலோ சமைக்கும் 3,200 கர்ப்பிணிகள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதிக்கு அடுப்பும் வற்றாத சிலிண்டரும், மறு பாதி வழக்கம்போல விறகு. உங்கள் நாத்தனார் மேல் மாட்டிய கருவி, அவர் மூச்சுவிடும் இடத்தில் எவ்வளவு புகை என்று அளப்பது. கூரை மேல் இருக்கும் கருவிக்கு அவர் குனிந்து ஊதாங்குழல் ஊதுவது தெரியுமா?

முடிவு 2022இல் வந்தது. விறகுக்காரர்கள் மூச்சில் நடுவாந்தரமாக 70.7 மைக்ரோகிராம், கேஸ்காரர்கள் மூச்சில் 23.9. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது. அதுவரை எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் குழந்தைகளைத் தராசில் போட்டார்கள். கேஸ் வீட்டுக் குழந்தைகளின் சராசரி எடை 2,921 கிராம், விறகு வீட்டுக் குழந்தைகள் 2,898. வித்தியாசம் இருபது கிராம் சொச்சம், தற்செயலாகவே வரக்கூடிய அளவு. 'பலன் இருப்பதாகச் சொல்ல முடியாது' என்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதினார்கள். பின்னால் குழந்தைகளின் நிமோனியாவையும் வளர்ச்சிக் குறைவையும் பார்த்தார்கள், அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படித்துவிட்டு 'பாத்தியா, விறகடுப்பில் ஒன்றும் இல்லை' என்று சிலர் கிளம்பினார்கள். அவசரம். கேஸ் கைக்கு வரும்போது அந்தப் பெண்களுக்கு மூன்று மாதம், நான்கு மாதம். அதற்கு முந்தைய வாரங்களும் அதற்கு முந்தைய இருபது வருடமும் புகையில்தான் போயின. பக்கத்து வீட்டு விறகுப் புகை சுவரேறி வருகிறது. தாயின் சாப்பாடு, ரத்தசோகை என்று எடையைத் தீர்மானிக்கும் வேறு விஷயங்களும் இருக்கின்றன. இதே குழுவினர் முன்பு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, புகை 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தை எடை 4 கிராம் குறைகிறது என்று கண்டிருந்தார்கள். அதை வைத்துப் பெருக்கினால், 47 மைக்ரோகிராம் குறைந்ததற்கு ஏறக்குறைய 19 கிராம் கூடியிருக்க வேண்டும். இது நான் போட்ட மனக்கணக்கு, அவர்கள் சொன்னதில்லை. ஆனால் தராசு காட்டியதும் கிட்டத்தட்ட அதுதான். பலன் இல்லை என்பதைவிட, இத்தனை பேரை வைத்துக்கூட உறுதியாகப் பிடிக்க முடியாத அளவு சின்னப் பலன் என்பதுதான் என் வாசிப்பு.

கேஸ் வந்தும் பல வீடுகளில் குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில் விறகில்தான் காய்கிறது. அந்தப் புகையையும் மருமகள்தான் குடிக்கிறாள். நாத்தனாரிடம் சொல்லுங்கள், அவர் ஒரு நாள் கருவி மாட்டியது வீண் போகவில்லை. முடிவை உங்கள் ஊருக்கு யாரும் வந்து சொல்லாதது தவறுதான்.

என் தாத்தா விறகுப் புகையும் சுருட்டுமாக 91 வயது வாழ்ந்தார். இந்த ஆராய்ச்சி எல்லாம் மிகைப்படுத்தல். (மதுரை)

தாத்தாவுக்கு என் வணக்கம். ஆனால் ஐம்பதில் போன தாத்தாக்களின் பேரன்கள் எனக்குக் கடிதம் போடுவதில்லை.

ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய இரும்பாலை. தொழிலாளர் தகராறில் 1986 ஆகஸ்ட்டில் மூடினார்கள், மறு வருடம் செப்டம்பரில் திறந்தார்கள். அந்த ஊர் ஆர்டன் போப், டாக்டர்கூட இல்லை, பொருளாதாரம் படித்தவர். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். ஆலை ஓடியபோது மூச்சுக்குழாய் அழற்சி, ஆஸ்துமா என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த சின்னக் குழந்தைகள், ஆலை மூடியிருந்தபோது சேர்ந்தவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே ஊர், அதே குளிர், அதே சனம். மாறியது புகைபோக்கி மட்டும். சுருட்டு, வயது, வேலை எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஆறு நகரங்களில் 8,000 பேரைப் பதினைந்து வருடம்போலப் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு 1993இல் வந்தது. அழுக்கான நகரத்தில் சாவு விகிதம் சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம். தாத்தாவை வைத்து இதை மறுக்க முடியாது, அவர் ஒருத்தர்.

ஐந்து மாதம் ஆகிறது. உப்பளத்தில் வேலை. வெயில் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். மாமியார், 'நான் உப்பளத்திலேயே நாலு பெத்தேன்' என்கிறார். (மரக்காணம்)

அம்மா, மாமியார் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர் காலத்து வெயில் இது இல்லை. உங்களைப் போன்றவர்களை வைத்தே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திராவின் வித்யா வேணுகோபால் குழு 2017இல் தொடங்கி, வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று வேலை செய்யும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைப் பின்தொடர்ந்தது. அளவுக்கு மீறிய வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து, மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு.

உப்பளத்தில் மேலிருந்து ஒரு வெயில், வெள்ளை உப்பிலிருந்து திரும்பி வரும் வெயில் இன்னொன்று. அதைவிடப் பெரிய வில்லங்கம், கழிப்பறை இல்லாதது. ஒதுங்க இடம் இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்விக்க வியர்க்க வேண்டும், வியர்க்கத் தண்ணீர் வேண்டும். அது இல்லாமல் ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், கருப்பைக்கும் போக வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று குறையும்.

முடிந்தால் வேலையை விடியலுக்கு மாற்றிக் கேளுங்கள், பத்து மணிக்கு முன் கரையேறிவிடுங்கள். தாகம் வரும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். தலைசுற்றல், வயிற்று வலி, ரத்தம் படுவது, பிள்ளை அசைவு குறைவது எதுவாக இருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம், இல்லையென்றால் 108. கிராம செவிலியரிடம் உப்பள வேலை என்று தவறாமல் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. செத்த பிறகு கொடுக்கும் லட்சத்தைவிட உப்பளத்தில் ஒரு நிழற்கூரையும் கதவுள்ள ஒரு கழிப்பறையும் மலிவு என்று நினைக்கிறேன்.

கைக்குட்டை கட்டிக்கொண்டு பைக் ஓட்டினால் போதுமா? (கோவை)

போதாது. மண் தூசியைத் தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாக உட்காராது.

டெல்லியில் 44 டிகிரி என்கிறார்கள், சென்னையில் 37தான். ஆனால் அங்கே இருந்துவிட்டு வந்த எனக்கு இங்கேதான் தாங்கவில்லை. மனப்பிரமையா? (அம்பத்தூர்)

பிரமை இல்லை, ஈரம். வியர்ப்பதால் உடம்பு குளிராது, வியர்வை காய்வதால்தான் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாமல் வழியும். வானிலைத் துறைகூட சமவெளியில் 40 டிகிரி என்றால்தான் வெப்ப அலை என்று யோசிக்கும், கடலோரத்துக்கு 37 போதும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் 'ஈரக்குமிழ்' வெப்பநிலை என்று ஒன்று உண்டு, அது 35 வரை மனிதன் தாங்குவான் என்று நம்பியிருந்தார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடகாத்திரமான இளைஞர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்து 2022இல் எழுதினார்கள்: 31க்குப் பக்கத்திலேயே உடம்புச் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏற ஆரம்பிக்கிறது. வயதானவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே.

எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி அடித்தபோது, அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2013இல் அந்த மாநகராட்சி தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைப் போட்டது. எனக்கு அதில் மறக்காதது வேறு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு உச்சி மாடியில், தார் பூசிய தளத்துக்கு அடியில் இருந்தது. பச்சைக் குழந்தைகள் வெக்கையால் தீவிர சிகிச்சைக்குப் போயின. வார்டைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள், அவ்வளவுதான். அப்படிப் போகும் குழந்தைகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. ஏசி இல்லை, மருந்து இல்லை, படிக்கட்டு.

நீங்கள் மேல் மாடி என்றால் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், வீட்டுப் பெரியவர்களை ஏப்ரல், மே மாதங்களில் கீழே படுக்க வையுங்கள். சிமென்ட் ஷீட் வீடு என்றால் மதியம் உள்ளே இருப்பதைவிட வேப்பமரத்தடி மேல்.

இப்போதெல்லாம் வெயில் காலத்திலும் கொசு. டெங்கு பயம். ராத்திரி சுருள் ஏற்றிவைத்துத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன். பரவாயில்லையா? (தஞ்சாவூர்)

கொசு பற்றி நீங்கள் சொல்வது சரி, சூடு கூடினால் கொசுவின் உடம்புக்குள் டெங்கு கிருமி சீக்கிரம் முற்றுகிறது. ஆனால் டெங்குக் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது, காலையிலும் சாயங்காலமும். ராத்திரிச் சுருள் அதை ஒன்றும் செய்யாது. சீனா, மலேசியா நாட்டுச் சுருள்களை எரித்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. சன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தால் அது முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான். வலை கட்டுங்கள். வலைக்குள் புழுங்குகிறது என்பார்கள், ஃபேனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வையுங்கள், ஃபேன் காற்றில் கொசுவாலும் சரியாகப் பறக்க முடியாது. அப்புறம் மாடியில் கிடக்கும் அந்தப் பழைய டயரையும் மூடியில்லாத டிரம்மையும் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது, என் வீட்டில் போன வாரம்தான் கவிழ்த்தேன்.