பொங்கல் மேடையில் பொன்னாடை, மார்ச்சில் ஓட்டு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி சிட்னியில் வெஸ்ட்மீட் பக்கம் குடிவந்து ஓராண்டு ஆகிறது. 2027 மார்ச்சில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல். கட்சிக்காரர்கள் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வந்து, துண்டறிக்கை கொடுக்க ஆள் வேண்டும், விருந்துக்கு டிக்கெட் வாங்குங்கள் என்கிறார்கள். ஓட்டில்லாத நீங்கள் இதில் இறங்கலாமா, இவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

தாராளமாக இறங்கலாம். காசு விஷயத்தில் மட்டும் கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் போடக் குடியுரிமை வேண்டும். துண்டறிக்கை கொடுப்பதற்கோ வீடு வீடாகப் போவதற்கோ அது தேவையில்லை. குடியுரிமை கிடைத்ததும் பெயரைப் பதிந்துவிடுங்கள். அதன் பிறகு ஓட்டுப் போடுவது கட்டாயம், போடாவிட்டால் மாநிலத் தேர்தலில் 55 டாலர் அபராதம்.

கட்சிகள் நம் ஆட்களை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. வாக்காளர் பட்டியல் அவர்களுக்குக் கிடைக்கும். அதில் மொழி இருக்காது. எந்தத் தொகுதியில் எத்தனை வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்பதைக் குடிக்கணக்கெடுப்பு சொல்லும், ஆனால் யார் வீடு என்று சொல்லாது. மிச்சத்தைப் பெயரை வைத்து ஊகிப்பார்கள். நமக்கு அது சரிவராது. அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுகிறவர்கள் நாம். ஒரே வீட்டில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. தமிழ்க் கிறிஸ்தவர் பெர்னாண்டோ வேறெங்கோ விழுவார், தமிழ் முஸ்லிம் அரபுப் பட்டியலில் போய் நிற்பார். தமிழ் வீட்டுக்கு இந்தியில் கடிதம் வருவது இப்படித்தான். யாழ்ப்பாணத்துக்காரரையும் மதுரைக்காரரையும் ‘இந்தியர்’ என்ற ஒரே டப்பாவில் போடுவதும் இதனால்தான். கைபேசிக்கு வரும் கட்சிக் குறுஞ்செய்திகளை நிறுத்தச் சொல்லி எழுதிப் பயனில்லை: பதிவுபெற்ற கட்சிகளுக்கு ஸ்பேம் சட்டத்திலும், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதியும் பட்டியலிலும் விலக்கு உண்டு.

பட்டியல் கைகொடுக்காததால்தான் சங்கம், கோயில், தமிழ்ப் பள்ளி, வாட்ஸ்அப் குழு என்று தேடி வருகிறார்கள். இழுபறித் தொகுதியாக இருந்தால் இன்னும் அடிக்கடி வருவார்கள். 2023-இல் சிட்னியின் ரைட் (Ryde) தொகுதி 54 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. இருபது குடும்பம் மனம் மாறினால் போதும் என்ற கணக்கு அது. உறுதியான தொகுதியில் அதே கட்சிக்காரர் தலையைக் காட்டுவதே பெரிய விஷயம்.

தமிழில் துண்டறிக்கை தந்தால் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். வடிவமைக்கிற ஆளுக்குத் தமிழ் தெரியாதபோது கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். அது வெறும் அவலட்சணம், போகட்டும். வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் எண்கள் போடும் விதத்தில்தான் விபரீதம். மாநிலக் கீழவையில் ஒரு கட்டத்தில் 1 போட்டாலே ஓட்டுச் செல்லும், மற்ற எண்கள் உங்கள் விருப்பம். கூட்டாட்சித் தேர்தலில், அதாவது நாடு முழுவதற்குமான தேர்தலில், கீழவைச் சீட்டில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் செல்லாது. ‘1 மட்டும் போடுங்கள்’ என்ற பழக்கத்தை வயதானவர்கள் மனதில் ஏற்றிவிட்டால் அடுத்த தேர்தலில் அவர்கள் ஓட்டு வீணாகும். மாநிலத்திலும், நீங்கள் 1 போட்டவர் குறைந்த ஓட்டு வாங்கி எண்ணிக்கையில் விலக்கப்பட்டால் ஓட்டு அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாம், மூன்றாம் எண்ணையும் போடச் சொல்வதே நேர்மை.

தேர்தல் ஆணையத்தில் கட்சி பதிவு செய்து தந்த தாளைத்தான் வாக்குப்பதிவு நாளில் கொடுக்கலாம். நீங்களே தமிழில் தட்டெழுதி நகலெடுத்துக் கொண்டுபோகாதீர்கள். 2019 கூட்டாட்சித் தேர்தலில் மெல்பர்னின் சிசோம் தொகுதியில் தேர்தல் ஆணையத்தின் ஊதா நிறத்திலேயே, ‘சரியாக ஓட்டுப் போடும் முறை’ என்று சீன மொழியில் ஒரு கட்சிக்கு 1 போடச் சொல்லும் அட்டைகளை வைத்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. வாக்காளரைத் தவறாக வழிநடத்தக்கூடியவை என்று நீதிபதிகள் சொன்னார்கள். முடிவை மட்டும் ரத்து செய்யவில்லை. ஆங்கிலம் தெரியாதவரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி பணம். விருந்து டிக்கெட்டுக்குக் கொடுப்பதும் அரசியல் நன்கொடைதான். நூறு டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரு நிதியாண்டில் ஒரே கட்சிக்குக் கொடுத்தது ஆயிரம் டாலரைத் தொட்டால், வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டுமனை மேம்பாட்டாளர்கள், புகையிலை, மது, சூதாட்டத் தொழில் செய்கிறவர்கள் கொடுக்கவே கூடாது. மனை பிரித்து விற்கும் நண்பர் ‘நான் தருகிறேன், நீ உன் பேரில் கட்டு’ என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2015 மார்ச்சில் சீன சமூகத்தின் பெயரில் நடந்த ஒரு கட்சி விருந்தையடுத்து ஒரு லட்சம் டாலர் ரொக்கம் கட்சி அலுவலகத்துக்குப் பையில் போனது. நாங்கள்தான் கொடுத்தோம் என்று படிவத்தில் கையெழுத்திட்டவர்களில் உணவகத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஊழல் தடுப்பு ஆணையம் அவர்களில் பலரைக் கூப்பிட்டு விசாரித்தது. பெயரை இரவல் கொடுத்தவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

வாக்குறுதிக்கு வருவோம். மாநில வேட்பாளர் மேடையில் விசாவைப் பற்றி உருகினால் கைதட்டிவிட்டு விட்டுவிடுங்கள். விசா கான்பெராவில் இருக்கும் கூட்டாட்சி அரசின் வேலை. கோயில் கட்டிட அனுமதிக்கு முதலில் போக வேண்டிய இடம் உள்ளாட்சிக் கவுன்சில். மாநிலத்திடம் கேட்க வேண்டியவை வேறு: சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு அரசுப் பள்ளிக் கட்டிடம், மாணவர் தலைக்கு வரும் மானியம், வெஸ்ட்மீட் மருத்துவமனையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், ரயில், முதல் வீட்டுக்கான முத்திரை வரி. ‘உங்கள் சமூகத்துக்கு ஆதரவாக இருப்போம்’ என்பது பதில் இல்லை. எவ்வளவு தொகை, எந்த நிதியாண்டில், எந்தத் துறை வழியாக என்று மின்னஞ்சலில் கேளுங்கள். இதைச் சீக்கிரம் முடியுங்கள். தேர்தலுக்கு முன்பே சட்டசபை காலாவதியாகிக் காபந்து அரசு வந்துவிடும். அப்புறம் அமைச்சர் புதிதாக எதற்கும் கையெழுத்திட மாட்டார், வெறும் தேர்தல் வாக்குறுதிதான் மிஞ்சும்.

‘எங்கள் பட்டியலில் ஒரு தமிழர் இருக்கிறார்’ என்றால், எத்தனையாவது இடம் என்று கேளுங்கள். மேலவையில் ஒரு தேர்தலில் 21 பேர் தேர்வாகிறார்கள். வாக்குச்சீட்டில் கோட்டுக்கு மேல் கட்டம் (குழு முழுவதற்கும் ஒரே எண்ணில் ஓட்டுப் போடும் இடம்) வேண்டுமானால் ஒரு குழு குறைந்தது 15 பெயர் தர வேண்டும், எனவே கடைசிப் பெயர்களை எப்படியும் நிரப்பியாக வேண்டும். 2023-இல் லேபர் 8 பேரையும் லிபரல்-நேஷனல் கூட்டணி 7 பேரையும் வென்றன. ஏழாவது இடத்துக்குள் இருந்தால் கட்சி மதித்திருக்கிறது. பன்னிரண்டாவது இடம் என்றால் உங்கள் நிகழ்ச்சியில் படம் எடுக்கப் போட்ட பெயர்.

துண்டறிக்கை கொடுக்கப் போனால் வாக்குச்சாவடி வாசலிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சனிக்கிழமை காலை 8 முதல் மாலை 6 வரை வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய வாரத்து முன்கூட்டிய வாக்குப்பதிவுக்குத்தான் ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். கட்சிக்காரர்களோடு நிதானமாகப் பேச அதுவே நல்ல வாய்ப்பு, வரிசையும் நீளமாக இருக்காது. தமிழ் பேசும் பாட்டி ஒருவர் தடுமாறினால் உள்ளே அழைத்துப்போகாதீர்கள். அவர் தனக்கு வேண்டியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதிகாரியிடமும் உதவி கேட்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். வேட்பாளர் படம் போட்ட கோர்ஃப்ளூட் (பிளாஸ்டிக்) அட்டையை உங்கள் வேலியில் கட்டக் கேட்டு வந்தால், வாடகை வீடாயிற்றே, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள்.