மருத்துவமா, பளிங்கா? பலெர்மோவில் இருந்து ஒரு கேள்வி

இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் மகளோடு ஆலோசனைக்கு வந்தது. தகப்பன் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை, தாய்க்குத் துப்பரவு வேலை. மகள் லிச்செயோ ஷியென்திஃபிக்கோ என்ற விஞ்ஞானப் பிரிவு உயர்பாடசாலையில் கடைசி வருடம், நல்ல புள்ளிகள். "இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை டொக்டருக்கு விடாமல் என்ன செய்யிறியள்?" என்று கனடாவில் இருந்து பெரியப்பா கிழமைக்கொரு தடவை போன் எடுக்கிறார். இத்தாலியில் இடம் கிடைக்காவிட்டால் கடன் எடுத்துப் பல்கேரியாவுக்கு அனுப்பலாம் என்பது லண்டன் மாமாவின் யோசனை. பிள்ளையோ பளிங்குக்குப் பேர்போன கராரா நகருக்குப் போய்ப் பளிங்குச் சிற்பம் படிக்கப்போகிறேன் என்கிறாள். "கல்லுக் கொத்தப் போறதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சனாங்கள்?" என்று தாய் கேட்டார்.

அக்கா, அண்ணை, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்த போன் அழைப்போடு பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். ஆகவே நேராகவே சொல்கிறேன். இந்தப் பிள்ளையை மருத்துவத்துக்குத் தள்ளுவது பிழை. 2025 முதல் இங்கே அரச பல்கலைக்கழகங்களில் இத்தாலிய மொழி மருத்துவப் படிப்புக்கு நுழைவுப் பரீட்சை கிடையாது. முதல் அரையாண்டில் எல்லோரும் சேரலாம். அதன் முடிவில் உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய மூன்று பரீட்சைகளும்தான் யார் மேலே போவது என்று தீர்மானிக்கும். மருத்துவராக வேண்டும் என்று உள்ளுக்குள் தவிக்கும் பிள்ளைகளே அங்கே திணறும்போது, மனமில்லாத பிள்ளை அந்த வருடத்தைத்தான் தொலைக்கும். பல்கேரியாக் கடனுக்கு என் பதில் முடியாது என்பதே. ஆறு வருடக் கட்டணத்தை இரண்டு பேரின் கூலியில் இருந்து அடைக்கப்போவது நீங்கள். போன் எடுப்பவர்கள் அல்ல.

இனி மகள் தன் போனில் படம் வைத்திருக்கும் சிற்பி யாகோவைப் பற்றிப் பேசுவோம். யாகோப்போ கார்தில்லோ, 1987இல் ஃப்ரோசினோனேயில் பிறந்தவர். 2011இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்டின் மார்பளவுச் சிலையோடு வெனிஸ் பியன்னாலே என்ற பெரும் கலைக் கண்காட்சியில் இடம் பிடித்தார். பாப்பரசர் 2013இல் பதவி விலகிய பிறகு, அதே சிலையைத் திரும்ப எடுத்து, அங்கிகளைச் செதுக்கி நீக்கி, வெற்று மார்போடு ஒரு முதியவராக மாற்றினார். 2019இல் நாப்போலி (நேப்பிள்ஸ்) நகரின் சானித்தாப் பகுதியில் ஒரு தேவாலயத்துக்குள் மெல்லிய துணி போர்த்திய குழந்தை ஒன்றைப் பளிங்கில் கிடத்தினார். 2020இல், தொற்றுநோய்க் காலத்தில், அந்நகரின் பெரும் சதுக்கமான பிளெபிஷீத்தோவின் தரையில் சங்கிலியோடு சுருண்டு கிடக்கும் குழந்தை ஒன்றை வைத்தார். 2023இல் சானித்தாவிலேயே ஒரு பழைய தேவாலயம் அவருடைய அருங்காட்சியகமாகத் திறந்தது.

மகள், இதை நீ கொண்டாட்டமாகப் பார்க்கிறாய், அம்மா அப்பா லொத்தர் சீட்டாகப் பார்க்கிறார்கள். இருவருமே கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெனிஸுக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கும் இடையில் பன்னிரண்டு வருடம். அவ்வளவு காலமும் கல்லில் தன் கையால் வேலை செய்து, அதைப் படம்பிடித்து மக்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் அக்கதேமியாவை, அதாவது நுண்கலைக் கல்லூரியை, பாதியில் விட்டவர் என்பதும் உனக்குத் தெரியும். அதை நீ பின்பற்றக் கூடாது. பின்னால் தாங்கிப்பிடிக்க யாரும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குக் கையில் ஒரு சான்றிதழ் கட்டாயம் வேண்டும்.

புகழ்பெற்ற ஒரு சிற்பியின் பெயருக்குப் பின்னால் பளிங்கில் வேலை செய்து சம்பளம் வாங்கும் ஒரு முழு உலகம் இருக்கிறது. அதைத்தான் நம் சனத்துக்கு யாரும் சொல்வதில்லை. மிலானோவில் பங்குச்சந்தைக்கு முன்னால் நிற்கும் பெரிய பளிங்குக் கையைப் பார்த்திருப்பீர்கள். 2010இல் மௌரித்சியோ கத்தெலான் என்ற கலைஞர் வைத்தது. கத்தெலான் உளி பிடித்துச் செதுக்குபவர் அல்லர். இப்படி எத்தனையோ உலகக் கலைஞர்கள் சிறு மாதிரியை மட்டும் கொண்டுவர, அதைக் கல்லாக்கிக் கொடுப்பவர்கள் கராராவிலும் அருகிலுள்ள பியெத்ராசாந்தாவிலும் இருக்கும் பட்டறைக்காரர்கள். ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூரும் அந்தப் பக்கத்துக்கு வந்து கல்லில் வேலை செய்தார். பொத்தேரோ, மித்தோராய் என்ற உலகப் புகழ்பெற்ற சிற்பிகளும் பியெத்ராசாந்தாவிலேயே பட்டறை வைத்திருந்தார்கள்.

அந்தப் பட்டறைகளில் வேலை பிரிந்து கிடக்கிறது. களிமண்ணில் செய்த உருவத்தைப் பிளாஸ்டரில் வார்த்தெடுப்பவர் ஒருவர். அதன் அளவுகளைப் புள்ளி புள்ளியாகக் கல்லுக்கு மாற்றி, மிச்சக் கல்லைத் தட்டி எறிபவர் ஸ்பொத்சாத்தோரே. அடுத்து உருவத்தை நெருங்கிச் செதுக்குபவர், பூவேலை, எழுத்துவேலை செய்பவர், கடைசியில் மெருகேற்றுபவர். கூர் உளி, பல் உளி, தட்டை உளி, அரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கருவி மாறும். கல்லின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தட்டிப் பார்த்த ஓசையிலேயே சொல்லும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். புத்தகத்தில் படித்து அந்தக் காது வராது.

"இதெல்லாம் மெஷின் செய்யும்" என்று அண்ணை சொன்னீர்கள். உண்மைதான், கராராவில் ரோபோக் கைகள் செதுக்குகின்றன. சிரியாவின் பல்மீராவில் தகர்க்கப்பட்ட வளைவின் சிறிய பிரதியை அங்கே இயந்திரம் செதுக்கியது. அது 2016இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்றது. ஆனால் இயந்திரம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் முதற்கட்ட முரட்டு வேலையை. தோலின் மென்மை, துணியின் மடிப்பு, கண்ணிமை இவற்றைக் கடைசியில் முடிப்பது இன்றும் மனிதக் கைதான். முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக் கணினியில் மாதிரியைத் திருத்தவும் தெரியும், உளியும் பிடிக்கத் தெரியும் என்றால் அந்த ஆளைப் பட்டறை விடாது. கணிதமும் வடிவியலும் நன்றாக வரும் உங்கள் மகளுக்கு இது பொருந்தும் வேலை.

சரி, வழி என்ன? கராராவின் அக்கதேமியா தி பெல்லே ஆர்த்தி 1769இல் தொடங்கியது. அது அரச நிறுவனம். எந்தப் பிரிவு மத்துரித்தாவோடும் (உயர்பாடசாலை இறுதிப் பரீட்சை) விண்ணப்பிக்கலாம், ஆனால் சேர்க்கைப் பரீட்சை உண்டு. மூன்று வருடம் முதல் நிலை, விரும்பினால் இன்னும் இரண்டு வருடம். அந்த இரண்டையும் முடித்து, பிறகு ஆசிரியர் தகுதிப் படிப்பையும் முடித்தால், லிச்செயோ ஆர்த்திஸ்திக்கோ என்ற கலைப்பிரிவு உயர்பாடசாலையில் சிற்பம் கற்பிக்கும் வழியும் திறக்கும்.

காசு விஷயத்தில் நான் கறார். இசே (குடும்ப வருமானம், சொத்துக் கணக்கு) குறைந்த குடும்பத்துக்கு அரச அக்கதேமியாவில் கட்டணம் இல்லை, அல்லது மிகக் குறைவு. இந்தப் பத்திரங்களைச் செய்து தரும் காஃப் அலுவலகத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகத்துக்கு உரிய இசேயை இப்போதே போடுங்கள், சாதாரண இசே போதாது. கராரா இருக்கும் தொஸ்கானா மாநிலத்தின் மாணவர் உதவி நிறுவனத்துக்குக் கோடையிலேயே போர்சா தி ஸ்தூடியோ என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பம் போகவேண்டும். கிடைத்தால் உதவித்தொகையோடு சாப்பாடும், தங்குமிடத்துக்கு உதவியும் சேரும். அதைத் தக்கவைக்க, மறுவருடம் ஆகஸ்ட் 10க்குள் குறிப்பிட்ட அளவு பாடப்புள்ளிகளை மகள் எடுத்திருக்க வேண்டும். அழகான கட்டடமும் ஆங்கிலப் பெயரும் கொண்ட தனியார் கலைப் பள்ளிகள் விளம்பரம் அனுப்பும். அவற்றுக்கு ஒரு யூரோவும் கட்டாதீர்கள்.

இன்னொன்று, இதைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்: பிள்ளை இத்தாலியில் பிறந்து, இடைவெளி இல்லாமல் இங்கேயே பதிவில் இருந்தால், 18 வயதானதும் ஒரு வருடத்துக்குள் கொமூனேயில் (நகரசபை) குடியுரிமைக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். 19 ஆனால் அந்தக் கதவு சாத்திவிடும்.

"அப்படியென்றால் பழைய சிலைகளைப் பழுதுபார்க்கும் ரெஸ்தௌரோ படிக்கட்டும், அது ஒரு உத்தியோகம் மாதிரி" என்று யாராவது சமரசம் பேசுவார்கள். நல்ல படிப்புத்தான். ஐந்து வருடம் முடித்தால் உரிமத்தோடு வெளியே வரலாம். ஃபிரென்ஸேயில் (ஃபுளோரன்ஸ்) 1588இல் தொடங்கிய ஓப்பிஃபீச்சோ என்ற நிறுவனமும் ரோமின் மத்திய ரெஸ்தௌரோ நிறுவனமும் இதைக் கற்பிக்கின்றன, ஆனால் மிகச் சிலரையே எடுக்கின்றன. அதோடு அங்கே இன்னொருவர் செய்ததைத் தொட்டுக் காப்பதுதான் வேலை, தன் எண்ணத்தை அதில் திணிக்கக் கூடாது. உங்கள் மகள் கொண்டுவந்த களிமண் உருவங்களைப் பார்த்தேன். புதிதாக உருவாக்கத் துடிக்கும் கை அது. பெரியப்பாவைச் சமாதானப்படுத்துவதற்காக அவளை ரெஸ்தௌரோவில் சேர்க்கச் சம்மதிக்க மாட்டேன்.

மகளுக்கும் சில கண்டிப்பு. இது உடம்பு வருந்தும் தொழில். பளிங்குத் தூள் நெஞ்சுக்குள் போகும், காற்றழுத்தச் சுத்தியலின் அதிர்வு விரல்களை மரக்கவைக்கும், சத்தம் காதைக் கெடுக்கும். முகமூடியும் காதுக் காப்பும் இல்லாத பட்டறையில் ஒரு நாளும் நிற்காதே. சொந்தச் சிற்பம் விற்று வாழ்வது பல வருடம் தள்ளித்தான் வரும், வராமலும் போகலாம். அதுவரை பட்டறைச் சம்பளம்தான் உன் சோறு. இதை மனதார ஏற்றுக்கொண்டால் மட்டும் போ.

அக்கா, நீங்கள் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிட மொந்தே பெல்லெகிரீனோ மலைக்கு ஏறிப் போகிறவர் என்றீர்கள். குகைக்குள் பொன்னாடை போர்த்திப் படுத்திருக்கும் அந்த அம்மாவும் பளிங்குதான். ஃபிரென்ஸேக்காரரான கிரெகோரியோ தெதெஸ்கி என்ற சிற்பி செதுக்கியது. கல்லுக் கொத்துவது தாழ்வு என்று இனி மகளிடம் சொல்லாதீர்கள்.

அக்கதேமியாவின் திறந்த நாளுக்கு அப்பா கூடப் போகவேண்டும். பாடசாலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பியெத்ராசாந்தாவில் ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு அரைநாள் நின்று பாருங்கள். மகள் மத்துரித்தாப் படிப்பைக் குறைக்காமல், சேர்க்கைப் பரீட்சைக்காக ஞாயிறுகளில் மனித உருவத்தை வரைந்தும் களிமண்ணில் பிசைந்தும் பழகட்டும். போர்சா கிடைக்காவிட்டால் கடன் எடுத்துக் கராராவுக்கு அனுப்பாதீர்கள். பலெர்மோவிலும் அரச அக்கதேமியா இருக்கிறது, அங்கே சிற்பத் துறையும் உண்டு. வீட்டுச் சாப்பாட்டோடு முதல் மூன்று வருடத்தை அங்கே முடித்து, பிந்திய இரண்டு வருடத்துக்குக் கராரா போகலாம். ஆகவே இரண்டு இடத்துக்கும் இந்த வருடமே விண்ணப்பம் போடுங்கள்.