கைப்பிடி அளவு

அன்புள்ள ஐயா,

குடியரசுக் கட்சியை விட்டு விலகியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாள் முதல் நான் அந்தக் கட்சிக்கே வாக்களித்து வருகிறேன். நீங்கள் அஞ்சும் தீவிரப்போக்கினர் கட்சிக்குள் கைப்பிடி அளவுதான். அவர்களுக்காக ஒரு பெரிய கட்சியையே கைவிடலாமா? மறுதரப்பில் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? என்னைப் போன்ற மிதவாதிகள் உள்ளே இருப்பதா, வெளியேறுவதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வைத்தது ‘கைப்பிடி அளவு’ என்ற சொல்தான். சில ஆண்டுகளாகவே என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் சொல் அது. மறுதரப்பு பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். அடுத்த வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது என்பதால் என் வீட்டுக்குள் மழை பெய்யாமல் இருக்கப்போவதில்லை.

கைப்பிடி அளவுதான் என்று சொல்லி நீங்கள் ஆறுதல் கொள்கிறீர்கள். எனக்கு அச்சம் தொடங்குவதே அங்கேதான். இந்த நாட்டின் மிகப் பெரும்பாலான தொகுதிகளில் நவம்பர் தேர்தலில் எந்தக் கட்சி வெல்லும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆகவே உறுப்பினரை உண்மையில் தேர்ந்தெடுப்பது, கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்ய அதற்குச் சில மாதங்கள் முன்பு நடக்கும் உட்கட்சித் தேர்தல்தான். அதற்கு வருபவர்களோ பொதுவாக நவம்பரில் வாக்களிப்பவர்களில் ஒரு பகுதியினரே. அந்தப் பகுதியிலும் ஒன்று விடாமல் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து, முன்வரிசையில் அமர்ந்து, உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் வாட்டி எடுக்கும் சிலருக்குத்தான் வேட்பாளர் அஞ்சுகிறார். மிதவாதி வீட்டில் இருந்துவிட்டு நவம்பரில் கட்சியின் பெயரைப் பார்த்து வாக்களித்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவருக்கு அஞ்ச வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அந்த மிதவாதி நீங்கள்தான், தம்பி. இத்தனை ஆண்டுகளில் எத்தனை உட்கட்சித் தேர்தல்களில் வாக்களித்தீர்கள் என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை. பயிரைக் காவல் காக்க வராதவர், மேய்ந்தது நாலைந்து மாடுகள்தான் என்று கணக்குச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

இதே கட்சியில் இடித்துரைப்பவர்கள் இருந்தார்கள். இந்தக் கட்சியின் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி கண்டவர்களையெல்லாம் கம்யூனிஸ்டு என்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1950 ஜூன் 1 அன்று, மெய்ன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் செனட்டில் எழுந்து, அச்சம், அறியாமை, வெறுப்பு, அவதூறு ஆகிய நான்கு குதிரைகளின் மீதேறித் தன் கட்சி வெற்றி பெறுவதைத் தான் விரும்பவில்லை என்றார். அவருடைய அறிக்கையில் சேர்ந்து கையெழுத்திட்டவர்கள் 6 பேர். செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தது 1954 டிசம்பர் 2 அன்றுதான், 67க்கு 22 என்ற கணக்கில். அப்போதும் வாக்களித்த குடியரசுக் கட்சியினர் 22 பேர் அந்தப் பக்கம், 22 பேர் இந்தப் பக்கம் என்று சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள்.

டிரம்ப்பின் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து தாக்கிய 2021 ஜனவரி 6க்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். டொனால்ட் டிரம்ப் மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் இந்தக் கட்சியினர் 10 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்களில் 4 பேர் 2022இல் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள், 4 பேர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள், 2 பேர் மட்டுமே சபைக்குத் திரும்பினார்கள். அப்படித் தோற்றவர்களில் ஒருவரான லிஸ் செனி வயோமிங்கில் தோற்றது மிகப் பெரிய வித்தியாசத்தில். எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் உங்கள் கைப்பிடி பெரும்பான்மையாக மாற ஒன்றரை ஆண்டு போதுமாக இருந்தது. செனட்டில் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல், பதவியிலிருந்து இறங்கிவிட்டவரை விசாரிக்க செனட்டுக்கு அதிகாரமில்லை என்று காரணம் காட்டி விடுவிக்க வாக்களித்தார். வாக்கெடுப்பு முடிந்த உடனேயே, அன்றைய நிகழ்வுகளைத் தூண்டியதற்கு டிரம்ப்பே பொறுப்பு என்று உரையாற்றினார்.

அந்த உரையைக் கேட்டு நான் கோபப்படவில்லை, கூசிப்போனேன். அந்த நாட்களில் எங்கள் கவுன்டியின் கட்சிக் கூட்டத்தில், பதவிநீக்கத்தை ஆதரித்த ஓர் உறுப்பினரைக் கண்டிக்கும் தீர்மானம் வந்திருந்தது. கூட்டம் தொடங்குமுன் வாசலில் நின்று, அவர் செய்ததுதான் சரி என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள்; நானும் ஆமாம் என்றேன். வாக்கெடுப்பில் அந்த ஐந்தாறு பேரின் கைகளும் தீர்மானத்துக்கு ஆதரவாக உயர்ந்தன. என் கை எதற்கும் உயராமல் மடியிலேயே கிடந்தது. எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது பின்வரிசையில் ஒரு முதியவர் மட்டும் கையை உயர்த்தினார். எண்ணி முடிக்கும் வரை இறக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது அவரிடம் யாரும் பேசவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அவரைக் கடந்துதான் போனேன், ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பழமைவாதி என்று என்னை நான் சொல்லிக்கொண்டதற்குக் காரணம் வரியோ சந்தையோ அல்ல. 1960 அதிபர் தேர்தலில் தோற்ற ரிச்சர்ட் நிக்சன், துணை அதிபர் என்ற முறையில் 1961 ஜனவரி 6 அன்று இரு அவைகளின் முன்னால் நின்று, தன்னை வென்ற கென்னடியின் வெற்றியைத் தன் வாயாலேயே அறிவித்தார். மனிதர்களைவிட முறைமை பெரிது என்ற அந்த ஒழுக்கத்தைக் காப்பதே பழமைவாதம் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதைக் கட்சிக்குள் இருந்து உடைப்பவர்களைத் தடுக்க வேண்டிய கடமை எங்களுக்குத்தான் முதலில் இருந்தது.

இருப்பதா வெளியேறுவதா என்று கேட்டிருந்தீர்கள். 2022 பிப்ரவரியில் கட்சியின் தேசியக் குழு செனியையும், அந்தப் பத்துப் பேரில் இன்னொருவரான ஆடம் கின்சிங்கரையும் கண்டித்த வாரத்தில், குடியரசுக் கட்சிக்காரன் என்றிருந்த என் வாக்காளர் பதிவை நான் மாற்றிக்கொண்டேன். அதைத் துணிச்சல் என்று பாராட்டிச் சிலர் எழுதுகிறார்கள். கை தூக்க வேண்டிய அன்று தூக்காதவன், ஓராண்டு கழித்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டேன், அவ்வளவுதான். நீங்கள் இருங்கள், தம்பி. உங்கள் கவுன்டியில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்துப் போங்கள். அங்கே பின்வரிசையில் யாராவது தனியாகக் கை உயர்த்தினால், அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.