கெமிக்கல் இன்ஜினியரிங் வேலைக்கு ஆக்டேவ், மேட்லேப் போன்ற கணித மென்பொருள் போதுமா? ஆஸ்பென் கட்டாயம் வேண்டுமா?

கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஆலையில் ப்ராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். ஆஸ்பென் என்பது ஆலையின் செயல்முறைகளைக் கணினியில் நடத்திப் பார்க்கும் கட்டண மென்பொருள். அதன் உரிமம் வாங்கும் அளவுக்கு எங்கள் ஆலை பெரிதில்லை. அன்றாடக் கணக்குகள் எல்லாம் எக்செல்லிலும் ஆக்டேவிலும்தான் நடக்கின்றன. ஆக, என் அனுபவத்தில் போதும். ஆனால் ஆஸ்பெனுக்குள் ஆயிரக்கணக்கான பொருள்களின் தரவு இருக்கிறது. ஆக்டேவுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணையும் அலகையும் நாம்தான் சரியாகக் கொடுக்க வேண்டும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். வேக்குவம் டிரையரிலிருந்து வரும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்க ஒரு கண்டென்சர் தேவைப்பட்டது. அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசம். அழுத்தத்தைக் கொடுத்தால் கொதிநிலையைத் தரும் ஆன்டுவான் சமன்பாட்டை எக்செல்லில் வைத்திருந்தேன். அதை (A 8.07131, B 1730.63, C 233.426) அப்படியே ஆக்டேவுக்கு மாற்றினேன். கொதிநிலை 67 டிகிரி என்று வந்தது. சரி, கூலிங் டவர் தண்ணீரே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வேலந்தாவளத்திலிருந்து வரும் ஆபரேட்டர் அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வேக்குவத்துக்கு டவர் தண்ணி பிடிக்காதுங்க, சில்லர் போட்டாத்தான் நிக்கும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. உண்மையான விடை 11 டிகிரி. டவர் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும், அதனால் தண்ணீரை இன்னும் குளிர்விக்கும் சில்லர்தான் வேண்டும்.

தப்பு எங்கே என்றால், எக்செல்லில் 'லாக்' என்றால் பத்தை அடிமானமாகக் கொண்ட பத்தடி மடக்கை. ஆக்டேவிலும் மேட்லேபிலும் அதே 'லாக்' இயல் மடக்கை. பத்தடி வேண்டுமென்றால் 'லாக்10' என்று எழுத வேண்டும். சாதாரண காற்றழுத்தமான 760 கொடுத்துப் பார்த்திருந்தால், 100 டிகிரிக்குப் பதிலாகத் தண்ணீர் 970 டிகிரியில் கொதிப்பதாக வந்திருக்கும், அந்த நிமிடமே பிடித்திருப்பேன். 67 என்பது நம்பும்படியான எண்ணாகப் போய்விட்டது. அன்றிலிருந்து எந்த நிரலையும் விடை தெரிந்த ஒரு புள்ளியில் ஓட்டிப் பார்க்காமல் கீழே அனுப்புவதில்லை.

வாயு, திரவத்தின் அழுத்தம், வெப்பநிலை, கன அளவைத் தொடர்புபடுத்தும் பெங்-ராபின்சன் மாதிரி முப்படிச் சமன்பாட்டில், மூலம் தேடும் 'எஃப்சால்வ்' கட்டளையைப் போடும்போதும் கவனம் வேண்டும். ஆவியும் திரவமும் சேர்ந்திருக்கும் நிலையில் மூன்று மூலங்கள் வரும். அமுக்கக் காரணி Z-க்குத் தொடக்க மதிப்பு 1 என்றால் பெரும்பாலும் ஆவிக்குரிய விடை கிடைக்கும், 0-க்குப் பக்கத்தில் கொடுத்தால் திரவத்துக்குரியது. மென்பொருள் ஒன்றைத்தான் காட்டும். 'ரூட்ஸ்' கட்டளை போட்டு மூன்றையும் எடுத்துப் பார்ப்பது நல்லது. அப்புறம், வெப்பம் கக்கும் வினைகளுக்கு, வகைக்கெழுச் சமன்பாடு தீர்க்கும் 'ஓடிஇ45' கட்டளை நகராமல் நின்றால் கணினியைத் திட்ட வேண்டாம், 'ஓடிஇ15எஸ்'ஸுக்கு மாறுங்கள்.

பல தட்டுள்ள வடிகலத்துக்கு (டிஸ்டில்லேஷன் காலம்), அதுவும் எத்தனால்–தண்ணீர் போன்ற, வடித்து முழுதாகப் பிரிக்க முடியாத அசியோட்ரோப் கலவைக்கு, கையால் நிரல் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்கு இலவசமாகவே டிடபிள்யூசிம் என்ற, ஆஸ்பென் மாதிரியான மென்பொருள் இருக்கிறது. திறந்த மென்பொருளைப் பரப்பும் ஐஐடி பம்பாயின் ஃபாசி திட்டத்தார் அதற்கும், மேட்லேப் மாதிரியான இலவச மென்பொருளான சைலேபுக்கும் பயிற்சிப் பாடங்கள் வைத்திருக்கிறார்கள். மாணவராக இருந்தால் முதலில் ஆக்டேவில் ஒரு ஃப்ளாஷ் கணக்கை (கலவையில் எவ்வளவு ஆவி, எவ்வளவு திரவம் என்ற கணக்கு) நீங்களே எழுதிப் பாருங்கள், பிறகு அதே கணக்கை டிடபிள்யூசிமில் போட்டு இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.